தாடையைத் தூக்கிய கைகள்

நான் மயக்க மருத்துவர். தீயணைப்பு வீரர்களுக்கு முதலுதவி வகுப்பு எடுக்கும்போது, "சார், மூச்சு விஷயமெல்லாம் டாக்டர் வேலையாச்சே?" என்று யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு பால்டிமோர் கதையைச் சொல்வேன்.

1950கள் வரை, மூச்சு நின்றவரைக் குப்புறப் போட்டு முதுகை அழுத்துவதும் கைகளைத் தூக்கி இறக்குவதும்தான் முதலுதவி. அமெரிக்காவின் பால்டிமோரில் மயக்க மருத்துவராக இருந்த பீட்டர் சஃபார் அதைச் சோதித்துப் பார்த்தார். தன்னார்வலர்களை மயக்கி, குராரே மருந்தால் தசைகளைத் தளர்த்தினார். நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்தது. முதுகை எவ்வளவு அழுத்தியும் போதிய காற்று உள்ளே போகவில்லை. தலையைப் பின்னே சாய்த்து, தாடையை முன்னே தூக்கியதும் வழி திறந்தது. பிறகு வாயோடு வாய் வைத்து ஊதினார்கள்; நெஞ்சு எழும்பியது. ஊதியவர்களில் மருத்துவம் படிக்காத சாமானியர்களும் உண்டு.

1958இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையில் சஃபாரின் பெயரோடு மார்ட்டின் மக்மான் பெயரும் இருக்கிறது. அவர் பால்டிமோர் தீயணைப்புத் துறையின் ஆம்புலன்ஸ் அதிகாரி. வாயில் வளைந்த குழாயைப் பொருத்தி ஊதும் முறை பற்றிய கட்டுரை அது. இந்தப் பெயரைச் சொன்னதும் வகுப்பில் முதுகுகள் நிமிரும்.

பின்னர் சஃபார் பிட்ஸ்பர்க் போனார். அந்நகரில் அடிபட்டவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றிப் போவார்கள். பின்பக்கம் கவனிக்க ஆள் இருக்காது. 1967இல் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை அங்கே தொடங்கியது. ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியின் வேலையில்லாத கறுப்பின இளைஞர்களைப் பயிற்றுவித்துப் பணியில் அமர்த்தினார்கள். மருத்துவர் நான்சி கரோலின் வழிகாட்டலில், மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தும் வேலையைக்கூட அவர்கள் தெருவிலேயே செய்தார்கள். 1975இல் மாநகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி இதை மூடியது. அனுபவசாலிகள் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். அது அநியாயம். ஆனால் கரோலின் அங்கே வளர்த்தெடுத்த பாடத்திட்டம் நாடு முழுவதற்கும் முன்மாதிரியானது.

விபத்தில் சிக்கியவருக்குக் கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். அதனால் தலையைச் சாய்க்காமல், கீழ்த்தாடையின் இரு மூலைகளையும் விரல்களால் முன்னே தள்ளச் சொல்லிக்கொடுக்கிறோம். கருவி எதுவும் வேண்டாம், இரண்டு கைகள் போதும். நினைவிழந்து கிடப்பவர் வாயில் தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள். 108ஐ அழையுங்கள். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் முதலுதவிப் பயிற்சி நடந்தால் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.