செயலடங்கிய எக்ஸும் அதன் அளவீடும்

1949இல் கனடாவின் லண்டன் நகரில் மரே பார், தம் மாணவர் எவர்ட் பெர்ட்ரமுடன் பூனைகளின் நரம்பணுக்களை ஆராய்ந்தபோது பெண் பூனைகளிடம் கண்ட கரும்புள்ளியை, பெண் அணுவின் இரு எக்ஸ் குரோமோசோம்களுள் சுருண்டு கிடக்கும் ஒன்று என 1959இல் சுசுமு ஓனோ காட்ட, அது செயலடங்கியது என்று 1961இல் சுண்டெலிகளின் பலநிற ரோமத்தைக் கொண்டு மேரி லயன் விளக்கினார். நெடுங்காலம் இவ்வடக்கத்தின் அளவீடு என்பது அப்புள்ளியைத் தேடி எண்ணுவதாகவே இருந்தது. 1991இல், அடங்கிய குரோமோசோமிலிருந்தே வெளிப்படும் எக்ஸிஸ்ட் மரபணு கண்டறியப்பட, அதன் வெளிப்பாடும் அடக்கத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

1998இல் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் விஸ்கான்சினில் மனிதக் கருக் குருத்தணுக்களை, அதாவது எவ்வகைத் திசுவாகவும் மாறவல்ல ஸ்டெம் செல்களை, வளர்த்தெடுத்த பின்னரே சிக்கல் முளைத்தது. நீண்டநாள் வளர்ப்பில் பெண் அணுக்கள் பல எக்ஸிஸ்டை இழந்து, அடங்கியிருந்த மரபணுக்களுள் சில மட்டும் விழித்தெழும் இந்த 'அரிப்பு' நிலையில், எக்ஸிஸ்ட் இல்லாமையை மட்டும் கண்டு இரு குரோமோசோம்களும் முழுதாக இயங்குகின்றன என முடிவுகட்டுவது அவசரமே. ஆகவே தாய்வழி, தந்தைவழி எக்ஸ் படிகளின் டி.என்.ஏ.வில் உள்ள சிறு எழுத்து வேறுபாடுகளைக் கொண்டு, ஒவ்வொரு மரபணுவும் ஒரு படியிலிருந்து வெளிப்படுகிறதா, இரண்டிலிருந்துமா எனத் தனித்தனியே கணக்கிடும் முறை வேரூன்றியது.