பூஞ்சணம் தந்த மருந்து

நம்மவருள் முதியோர் பலர் இராப்போசனத்தின் பின் சிறு குளிசையொன்றை விழுங்கிவிட்டே படுக்கைக்குச் செல்கின்றனர். அயலார் சொற்கேட்டு அதனை இடையில் நிறுத்துவோரும் உளர். கொலஸ்திரோலைக் குறைக்கும் 'ஸ்டற்றின்' என்னும் அவ்வகை மருந்து பிறந்த வரலாற்றை இருசாராரும் அறிதல் நன்று.

குருதியிற் கொலஸ்திரோல் மிகுந்தால் நாடிகள் கெடும் என்பதை, 1913ஆம் ஆண்டிலேயே உருசிய அறிஞர் அனிச்கோவ் முயல்களுக்கு அதனை ஊட்டிக் காட்டினார். நல்ல மருந்துதான் வாய்க்கவில்லை. 1960இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த திரிப்பரனோல் கண்ணிற் புரையை உண்டாக்கியது. 1962இல் அதனை மீட்டுக்கொண்டனர். இருதயத்தைக் காக்கப் புகுந்து கண்ணைக் கெடுத்த கதை!

தோக்கியோவில் சங்கியோ கம்பனியிற் பணிபுரிந்த அக்கிரா எண்டோ 1971இல் இத்தேடலில் இறங்கினார். உழவர் குடும்பத்திற் பிறந்த அவர் இளமை முதலே பூஞ்சணங்களில் ஈடுபாடுடையவர். பகைக் கிருமிகளை ஒழிப்பதற்கு, அவற்றின் உடலிற் கொலஸ்திரோல் போன்ற பொருள்கள் உண்டாகாவண்ணம் தடுக்கும் நஞ்சைச் சில பூஞ்சணங்கள் சுரக்கக்கூடும் என்பது அவர் துணிபு. ஈராண்டு காலம் ஏறத்தாழ 6,000 வகைகளைச் சோதித்தார். 1973இல், கியோத்தோ நகரத் தானியக் கடையொன்றின் அரிசியிற் கிடைத்த பூஞ்சணத்திலிருந்து கொம்பக்டின் என்னும் பொருள் அகப்பட்டது.

எலிகளுக்கு ஊட்டினார், சிறிதும் பயனில்லை. மருந்து தடுக்கும் நொதியத்தை எலியின் ஈரல் பன்மடங்காக உண்டாக்கி ஈடுசெய்துவிடுகிறது என்பது பின்னரே விளங்கிற்று. கம்பனியார் ஆர்வமிழந்தனர். எண்டோ சோரவில்லை. முட்டையிற் கொலஸ்திரோல் மிகுதி. ஆகவே முட்டையிடும் கோழியின் குருதியிலும் அது மிகுந்திருக்கும் அன்றோ? சக ஆய்வாளர் ஒருவர் தமது சோதனை முடிந்து கொல்லவிருந்த கோழிகளை 1976இற் கேட்டுப் பெற்று மருந்தூட்டினார். சில வாரங்களிற் கொலஸ்திரோல் ஏறத்தாழப் பாதியாயிற்று. எம்மைக் கேட்டால், இவ்வரலாற்றில் அக்கோழிகளுக்கும் ஒரு சிலை எடுக்கலாம்.

1978இல் ஒசாகாவில் மருத்துவர் யமமோட்டோ, பரம்பரையாகக் கொலஸ்திரோல் மிக்க நோயாளருக்கு அதனைக் கொடுத்துப் பயன் கண்டார். எனினும் மிகையளவில் மருந்துண்ட நாய்களிற் புற்றுநோய் உண்டாயிற்றோ என்ற ஐயம் எழவே, 1980இற் கம்பனி அதனைக் கைவிட்டது. அதே இனத்து லோவாஸ்டற்றினை 1987இல் அமெரிக்க மேர்க் கம்பனி வெளியிட்டது.

கொலஸ்திரோல் குறையலாம், ஆயுள் நீளுமா என்று அப்போதும் பலர் கேட்டனர். 1994இல் விடை வந்தது. ஸ்கந்திநேவிய நாடுகளில் 4,444 இருதய நோயாளரை இரு கூறாக்கி ஐந்தாண்டுக்கு மேல் அவதானித்தனர். வெறுங்குளிசை உண்டோரில் 256 பேர் இறந்தனர். சிம்வாஸ்டற்றின் உண்டோரில் 182 பேர்.

கொம்பக்டின் கடைக்கு வரவேயில்லை. ஆயினும் அதனினின்று ஆக்கிய பிரவாஸ்டற்றின் 1989இல் யப்பானிய நோயாளரை அடைந்தது. எண்டோ 2024இல், தொண்ணூறு வயதிற் காலமானார்.