டேப்பில் ஏறாத ஒப்பாரி

நான் காசு கொடுத்து வாங்கிய முதல் ஃப்ரீ ஜாஸ் தட்டு, 1971இல் வெளியான ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. தலைப்பில் இருப்பவர் கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த சாமியார் என்பதுதான் என்னை இழுத்தது. கேட்டால், தம்பூராச் சுருதியின் மேல் ஹார்ப் தன் போக்கில் அலைகிறது. 1966இல் கணவர் ஜானின் குழுவில் பியானோவுக்கு வந்தவர் ஆலிஸ். அடுத்த ஆண்டு ஜான் இறந்தார். 1968 முதல் தன் பெயரிலேயே தட்டுகள் வெளியிட்டார். ஆனாலும் எனக்கு அந்தத் தட்டை விற்றவர் சொன்னது, "ஜான் சம்சாரம் வாசிச்சது."

அந்த நேரத்தில் பிறக்கும் இசை எங்கள் கரிசலுக்குப் புதிதல்ல. ராக ஆலாபனையில் பேர்பெற்ற விளாத்திகுளம் சுவாமிகளைப் பற்றி எழுத இடைசெவல் கி. ராஜநாராயணன் இருந்தார். நாகலாபுரத்தில் இழவு வீடு இழவு வீடாகப் போய் ஒப்பாரி வைத்த என் ஆச்சிக்கு யார் இருந்தார்கள்? செத்தவரின் கடன், காடு, மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் எல்லாவற்றையும் அங்கேயே கட்டிப் பாடுவாள். மறுநாள் கேட்டால் வராது.

அப்போது என்னிடம் டேப்ரிக்கார்டர் இருந்தது. சினிமாப் பாட்டு பதிந்துகொண்டிருந்தேன். ஒருதரம் மட்டும் பாடச் சொன்னேன். "சாவு விழாத வீட்டுலயா? ஆகாது தாயி" என்றாள்.

அவள் போன அன்று பெண்கள் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். டேப் பரணில் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.