கறுப்பெண்ணெய் மாற்றும் நாள்



கமுந்திங்கில் நம் வீடுகளின் முன்னால் நிற்கும் வாகனங்களைக் கவனித்திருப்பீர்கள். தாத்தாவின் மிதிவண்டி நின்ற இடத்தில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் நின்றது. அங்கே இன்று மகனுடைய கார் நிற்கிறது. அக்கார்களுள் சில புறப்படும்போது ஓசையே எழுப்புவதில்லை. பெட்ரோல் இயந்திரமும் மின்விசையும் சேர்ந்து இழுக்கும் ஹைப்ரிட் கார்கள் அவை. இத்தகைய காருக்கு எண்ணெயை எப்போது மாற்றுவது, எந்த வடிகட்டியை எப்போது துடைப்பது என்று நம்மிடம் பலர் கேட்கின்றனர். அந்தத் தவணைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

அவ்வரலாற்றை நம் ஊருக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே மலாயாவின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது. போர்ட் வெல்டைத்தான் இன்று கோலா சபேத்தாங் என்கிறோம். எட்டு மைல் நீளமே கொண்ட அப்பாதையை, இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட முன்னோடிப் படையினர் அமைத்தனர். லாருட் ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு செல்வதே அதன் நோக்கம். பின்னர் தண்டவாளம் கமுந்திங்கிற்கும் நீண்டது.

நீராவி இயந்திரம் என்பது சும்மா விட்டால் ஓடுகின்ற பொருளன்று. ஒவ்வொரு பயணத்திற்கு முன்பும் ஓட்டுநர் எண்ணெய்க் குடுவையை ஏந்திக்கொண்டு மூட்டு மூட்டாக எண்ணெய் விடுவார். கொதிகலனில் வற்றும் நீர், தன்னிடமுள்ள சுண்ணாம்பையும் சேற்றையும் உள்ளேயே விட்டுச் செல்லும். அது ஓடாகப் படிந்தால், நெருப்பின் சூடு நீரை எட்டாது. இரும்பே காய்ந்து கெடும். ஆகையால் குறித்த நாட்களுக்கு ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, கொதிகலனைக் கழுவினார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை, பழுது எதுவும் தெரியாத நேரத்தில், நாள் பார்த்து நிறுத்தும் வழக்கம் இவ்வாறுதான் இரயில் கொட்டகைகளில் ஊன்றியது.

பால்மரம் சீவியவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. மரத்தில் பால் இருக்கிறதே என்று நாள்தோறும் ஓயாது சீவினால் பட்டை காய்ந்துவிடும் என்பதை நம் பெற்றோர் அறிந்திருந்தனர். ஒருநாள் விட்டு ஒருநாள் சீவுவதும் அப்படி அறிந்து வகுத்த தவணையே.

மோட்டார் காருக்கு வருவோம். 1908இல் வெளிவந்த ஃபோர்டு டி மாடல் காரில் எண்ணெய் வடிகட்டி கிடையாது. இயந்திரத்தின் அடியிலிருந்த எண்ணெய் சிதறித் தெறித்தே உறுப்புகளை நனைத்தது. தூசியும் கரியும் இரும்புத் துகளும் அதே எண்ணெயில் சுற்றிச் சுற்றி வந்தன. எனவே அடிக்கடி எண்ணெயைக் கொட்டி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. 1923இல் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால் என்ற இரு அமெரிக்கர்கள் காருக்கான எண்ணெய் வடிகட்டியை உருவாக்கினர். மறு ஆண்டு வெளிவந்த கிரைஸ்லர் காரில் எண்ணெய் வடிகட்டி இடம்பெற்றது. அதன்பின் அழுக்கைத் தாங்கி வைத்துக்கொள்ளும் எண்ணெய் வகைகள் தோன்றின. செயற்கை எண்ணெய் வந்தது. தவணையும் படிப்படியாக நீண்டது. பட்டறைக்காரர் கண்ணாடியில் ஒட்டும் சிறு தாளில் 5,000 கிலோமீட்டர் என்றிருந்த கணக்கு, பல புதிய கார்களுக்கு 10,000 ஆனது இந்த வழியில்தான்.

ஹைப்ரிட் காரின் கதை அண்மைக் காலத்தது. டொயோட்டா பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 2011 முதல் 2013 முடிய, 2,000 சிசிக்குக் குறைந்த இயந்திரமுள்ள ஹைப்ரிட் கார்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் விலக்கப்பட்டன. அப்போது பட்டணத்தார் வாங்கிய கார்கள் பத்தாண்டுகளைக் கடந்து, இரண்டு மூன்று கைகள் மாறி, நம் சம்பளத்திற்கு எட்டும் விலையில் இப்போது வந்து சேர்கின்றன. மின்கலத்திற்கான உத்தரவாதம் முடிந்த கார்கள் அவை.

நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் அப்படியொரு காரை வாங்கினார். தாயார் செம்பனைத் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணமும் அதில் இருந்தது. எட்டே மாதத்தில் காரின் முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. "சார், சத்தமே போடாத வண்டி, அதுக்கு என்ன நோவு வந்துச்சு?" என்று அந்த அம்மா நம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். பட்டறையில் பின்னிருக்கையை ஒட்டிய மூடியைக் கழற்றியபோது, உள்ளேயிருந்த சிறு சல்லடை தெரியவே இல்லை. செம்மண் தூசியும் நூலும் முடியும் சேர்ந்து அதன்மேல் போர்வையாகப் படிந்திருந்தன. முன்பு கார் சென்று வந்த பட்டறையில் எண்ணெயைத் தவணை தவறாமல் மாற்றியிருக்கிறார்கள். இந்தச் சல்லடையை எவரும் பார்த்ததில்லை. அதைச் சுத்தம் செய்ய அரைமணி நேரமே ஆயிற்று. ஆனால் சூட்டில் வெந்துபோன மின்கலம் மீளவில்லை. மாற்று மின்கலத்திற்கு அந்தக் குடும்பம் பல மாதச் சம்பளத்தைக் கொடுத்தது.

அச்சல்லடையின் வேலை என்ன? பெரிய மின்கலம் மின்னை ஏற்கும்போதும் தரும்போதும் சூடாகிறது. பல ஹைப்ரிட் கார்களில் ஒரு விசிறி, பயணிகள் அமரும் பகுதியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து மின்கலத்தின்மேல் செலுத்துகிறது. காற்று நுழையும் அந்த வாயை அடைத்தால் மின்கலம் வேகிறது. எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். செம்மண் சாலையில் ஓடும் கார், பூனை நாய் ஏறும் கார் என்றால் அதற்கு முன்பே பார்ப்பது நலம். அந்த வாயின்மேல் பையையோ துண்டையோ போட வேண்டாம். உள்ளே ஆரஞ்சு நிறக் கம்பிகள் தென்பட்டால் கை வைக்கக் கூடாது. அவற்றில் ஓடுவது உயிரைப் பறிக்கும் மின்சாரம். அதற்கெனப் பயின்றவரே அங்கே கைவைக்க வேண்டும்.

கறுப்பெண்ணெய் பற்றி ஒரு தவறான கணக்கு நம்மிடையே உலவுகிறது. ஹைப்ரிட் காரில் இயந்திரம் பாதி நேரம் ஓய்ந்திருக்கிறது, ஆகவே எண்ணெயையும் இரட்டிப்பு நாள் விடலாம் என்பர். உண்மையில், நின்று நின்று எழும் இயந்திரம் முழுச் சூட்டை அடைவதற்குள் மீண்டும் ஓய்ந்துவிடுகிறது. எண்ணெயில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போவதில்லை. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பும் குறுகிய ஓட்டத்தில் இது அதிகம். ஆகவேதான் 10,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், இரண்டில் எது முந்துகிறதோ அது என்று நம் நாட்டில் வழக்கமாகச் சொல்கிறார்கள். ஓட்டம் குறைந்த வீட்டில் மாதக் கணக்கே முந்தும்.

பிரேக் எண்ணெயிலும் இதே மயக்கம் நேர்கிறது. ஹைப்ரிட் கார் வேகத்தைக் குறைக்கும்போது மின்மோட்டாரே பெருமளவு தடுத்து, அந்த விசையை மின்கலத்தில் சேமிக்கிறது. பிரேக் கட்டை தேயப் பல ஆண்டுகள் ஆகும். கட்டை மாற்றும்போது எண்ணெயையும் மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் காத்திருந்தபடியே இருக்க வேண்டியதுதான். பிரேக் எண்ணெயோ தானாகவே ஈரத்தை உறிஞ்சுகிறது. தீபகற்பத்திலேயே மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்று தைப்பிங் வட்டாரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் பொது விதியை நாம் தள்ளிப்போட இடமில்லை.

குளிர்விக்கும் நீரைப் பொறுத்தவரை தவணை நீளமானது. பிரியஸ் போன்ற கார்களில் இயந்திரத்திற்கு ஒரு நீர்ச்சுற்றும், மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டிக்கு வேறொரு நீர்ச்சுற்றும் உண்டு. முதலாவதை 160,000 கிலோமீட்டரிலும், இரண்டாவதை 240,000 கிலோமீட்டரிலும் முதன்முறை மாற்றி, பிறகு 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுமாறு கைநூல் கூறும். பல கைகள் மாறிய காருக்கு அந்தத் தூரம் நெருங்கியே இருக்கும். குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பும் பழைய பழக்கம் இங்கே உதவாது.

இயந்திரத்தின் காற்று வடிகட்டிக்கு 40,000 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தாலும், தூசிச் சாலைக்கு அது பொருந்தாது. இடையிலேயே எடுத்துப் பாருங்கள். குளிர்சாதனத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. பல ஹைப்ரிட் கார்களில் அதன் அமுக்கியை மின்சாரமே சுழற்றுவதால், மின்சாரம் கசியவிடாத தனி எண்ணெய் அதற்கு வேண்டும். சாதாரணக் காருக்கு ஊற்றும் எண்ணெய் அங்கே போனால் முழு அமைப்பும் கெடும். எரிவாயு நிரப்பப் போகும்போது, இது ஹைப்ரிட் கார் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

அந்த மாணவர் வீட்டில், சமையலறை நாட்காட்டியில் இப்போது இரண்டு தேதிகள் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டுள்ளன. ஒன்று எண்ணெய்க்கு. மற்றொன்று சல்லடைக்கு, அதை அம்மாவே நினைவூட்டுகிறார்.