குறைமாதக் குழந்தைக்கு எண்ணெய் தடவலாமா?

பேறுகாலத் துணைக்காக நியூஜெர்சிக்கோ டெக்சாஸுக்கோ வந்து சேரும் பாட்டி, குழந்தை குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது, வழக்கம்போல எண்ணெய் தடவலாமா என்று கேட்பது இயல்பே. மருத்துவ உலகமும் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கேள்வி இது.

நிறைமாதக் குழந்தையின் மேல்தோலில் உள்ள வெளிப்படலம் உடலின் ஈரத்தைக் காத்து, நோய்க்கிருமிகளைத் தடுக்கிறது. சுமார் 24 வாரங்களில் பிறக்கும் குழந்தைக்கு இந்தப் படலம் பெரும்பாலும் உருவாகியிருப்பதில்லை. இதனால் உடல் நீர் ஆவியாகி வெப்பம் குறைகிறது. கிருமிகள் எளிதில் இரத்தத்தை அடைகின்றன. கருவிகளைப் பொருத்தும் ஒட்டுநாடாவை உரிக்கும்போது தோலும் சேர்ந்து உரியக்கூடும். இக்குழந்தைகள் ஈரப்பதமூட்டிய இன்குபேட்டரில் வைக்கப்படுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

தோலுக்குக் களிம்பு பூசுவது பலன் தருகிறது என்று கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 60 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1996இல் தெரிவித்தது. ஆனால், ஒரு கிலோவுக்கு மேற்படாத எடையுடன் பிறந்த குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான பெரிய ஆய்வில் நிலைமை மாறியது. தோலின் நிலை மேம்பட்டபோதிலும், ஒருவகை ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியால் ஏற்படும் இரத்தத் தொற்று அதிகரித்திருந்தது.

வங்கதேசத் தலைநகர் டாக்காவின் சிசு மருத்துவமனையில் கிடைத்த முடிவோ வேறு. சூரியகாந்தி எண்ணெய் தடவப்பட்ட குறைமாதக் குழந்தைகளிடையே மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்ததாக 2005இலும், இறப்பு 26 சதவீதம் குறைந்ததாக 2008இலும் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அமெரிக்காவில் தொற்றை அதிகரித்த அதே களிம்பும் அங்கு இறப்பைக் குறைத்தது.

இந்த முரண்பாட்டை மதிப்பிடும்போது, இரு ஆய்வுகளிலும் குழந்தைகளின் எடையும் மருத்துவமனைச் சூழலும் ஒன்றல்ல என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டியுள்ளது. குறைமாதக் குழந்தைகளுக்கு எண்ணெய் தடவுவதைப் பரிசீலிக்கலாம் என்று மட்டுமே உலக சுகாதார நிறுவனம் 2022இல் கூறியது.

எல்லா எண்ணெய்களும் ஒரே தன்மை கொண்டவையும் அல்ல. கடுகெண்ணெய் தோலின் தடுப்பாற்றலைக் குலைக்கக்கூடும் என்று விலங்குகளிடம் நடத்தப்பட்ட சோதனை காட்டியது.

எனவே, டாக்காவில் பலன் தந்தது என்பதற்காக, மருத்துவக் குழுவின் அனுமதியின்றி வீட்டு எண்ணெயை இன்குபேட்டருக்குள் கொண்டுசெல்வது ஆபத்தானது. குழந்தையின் எடை, வயது, தோலின் முதிர்ச்சி ஆகியவற்றைப் பார்த்தே முடிவு எடுக்கப்பட வேண்டும். அதுவரை, மருத்துவர் அனுமதிக்கும்போது குழந்தையைத் தாயோ தந்தையோ வெற்று மார்பில் அணைத்துவைத்திருக்கும் கங்காரு முறை, குடும்பத்தினர் நேரடியாகச் செய்யக்கூடிய, நிரூபிக்கப்பட்ட பராமரிப்பாக உள்ளது.