பலகாரப் பரிமாற்றம்

இக்கட்டுரையில் தேவாரம் என்பது தேனி மாவட்டத்தில் உள்ள ஊரைக் குறிக்கிறது. சைவத் திருமுறைப் பாடல்களை அன்று.

பலகாரப் பரிமாற்றம் என்பது பண்டிகைக் காலத்தில் வீட்டில் செய்த இனிப்பு, கார வகைகளை அண்டை வீட்டாரும் நண்பர்களும் தமக்குள் கொடுத்து வாங்கும் வழக்கம் ஆகும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் தீபாவளியை ஒட்டி நிகழ்கிறது. கிறிஸ்துமஸ், ரம்ஜான் நாட்களிலும் இவ்வழக்கம் உண்டு. அழைப்பு, விருந்து, சடங்கு எதுவும் இதற்குத் தேவையில்லை. ஒரு தட்டில் நான்கைந்து வகைகளை வைத்து, மேலே ஒரு துணியோ மற்றொரு தட்டோ மூடி, வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவதே இதன் முழு வடிவம். இக்கட்டுரை தேனி மாவட்டத்தின் தேவாரம், போடிநாயக்கனூர் பகுதியை முதன்மையாகக் கொண்டு இவ்வழக்கத்தை விவரிக்கிறது.

இடமும் காலமும்

தேவாரம் உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், கோம்பை, பண்ணைப்புரம் ஆகிய ஊர்களுக்கு அருகில் அமைந்துள்ளது. 1996 இல் தேனி மாவட்டம் பிரிக்கப்படும் வரை மதுரை மாவட்டத்தில் இருந்தது. மலைக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்கு உடும்பன்சோலை வட்டத்தில் ஏலத்தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. தேவாரம், போடி, கம்பம் வட்டாரத்தில் இருந்து தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், விடியுமுன் ஜீப்புகளில் ஏறிப் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாகத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர்.

ஏலக்காய் எடுப்பு ஆடி, ஆவணியில் தொடங்கித் தை வரை நீடிப்பதால், தீபாவளி அறுவடையின் நடுவில் வந்து சேர்கிறது. பகல் முழுவதும் குனிந்து காய் எடுத்துவிட்டு வரும் பெண்ணே இரவில் எண்ணெய்ச் சட்டியின் முன் அமர வேண்டும். இவ்வழக்கத்தைப் பற்றி எழுதுவோர் பலர் அதன் இனிமையை மட்டும் கூறி, இவ்வுழைப்பைக் கூறாமல் விடுகின்றனர். கூட்டாகப் பலகாரம் சுடுவதற்கு அடிப்படைக் காரணம் இதுவே. மூன்று நான்கு வீட்டுப் பெண்கள் ஒரு வீட்டின் கொல்லையில் விறகடுப்பு மூட்டி, ஒருவர் மாவு பிசைய, ஒருவர் பிழிய, ஒருவர் வேக வைத்து எடுக்க, ஓர் இரவில் அனைவருக்குமான முறுக்கையும் முடித்துவிடுவர். மறுநாள் அடுத்த வீட்டு அதிரசம்.

தீபாவளி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதும் கவனிக்கத்தக்கது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் முறுக்கும் தட்டையும் விரைவில் நமுத்துவிடும். ஆறியவுடன் காற்றுப்புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தாலும் உள்ளே வியர்த்து நமுக்கும்.

பலகார வகைகள்

தட்டில் இரண்டு இனங்கள் இருக்கும். ஒன்று முன்கூட்டியே செய்து சேமித்தவை: முறுக்கு, சீடை, தட்டை, மிக்சர், அதிரசம், ரவா உருண்டை, மாவுருண்டை. மற்றொன்று தீபாவளியன்று காலையில் சுட்டவை: சுழியம், பணியாரம், வடை. இரண்டாவது இனம் அன்றே உண்ண வேண்டியது. எனவே காலையில் தட்டு கொண்டு செல்லும் பிள்ளைகளை எங்கும் நிற்காமல் போகச் சொல்வதில் காரணம் இருக்கிறது.

இவற்றுள் செய்பவரின் கைத்திறனை உண்மையில் சோதிப்பது அதிரசம். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே இடித்து மாவாக்க வேண்டும். வெல்லப்பாகு, நீரில் ஒரு துளி விட்டால் கரையாமல் கையில் உருட்ட வரும் பதத்தில் இருக்க வேண்டும். பாகு இளகினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், முற்றினால் கல்லாகும். பாகில் மாவைச் சேர்த்துக் கிளறி, ஏலக்காய்ப் பொடி இட்டு, ஓரிரு நாள் மூடி வைத்த பின்னரே தட்டிச் சுடுவர். எடுத்ததும் இரண்டு கரண்டிகளுக்கு இடையே அழுத்தி எண்ணெயை வடிப்பர். பாகுப் பதம் நன்கு அறிந்த ஒருவர் தெருவில் இருந்தால், அவரைப் பல வீடுகளும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வது வழக்கம். அது ஒருவகைப் பதவி எனலாம்.

முறுக்குக்கு நான்கு பங்கு அரிசி மாவும் ஒரு பங்கு வறுத்த உளுந்து மாவும் பொது அளவு. உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும். திருச்சி மாவட்டத்தின் மணப்பாறை முறுக்கு 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது. எனினும் வீட்டு முறுக்கு அதனோடு போட்டியிடுவதில்லை, பக்கத்து வீட்டு முறுக்கோடுதான் போட்டியிடுகிறது.

ஏலக்காயைப் பொறுத்தவரை ஒரு முரண் உண்டு. உலகச் சந்தைக்குச் செல்லும் ஏலக்காயைப் பறிக்கும் குடும்பங்கள் தம் அதிரசத்துக்கு நாலைந்து காய்களையே இடுகின்றன. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் நடைபெறுகிறது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் உயர்தர ஏலக்காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது.

கிறிஸ்துமஸ் தட்டு

உத்தமபாளையம் வட்டத்தில் இராயப்பன்பட்டி போன்ற ஊர்களில் கத்தோலிக்கர் பெருந்தொகையாக வாழ்கின்றனர். தீபாவளிக்கு வந்த தட்டுக்கு மறுதட்டு டிசம்பரில் செல்கிறது. அதில் கேக்குடன் அச்சு முறுக்கும் கல்கலாவும் இருக்கும். அச்சு முறுக்கின் மாவில் அரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை, முட்டை சேரும். நீண்ட பிடியுடைய இரும்பு அச்சை முதலில் எண்ணெயில் காய்ச்சி, மாவில் முக்கால் ஆழத்துக்கு மட்டும் தோய்க்க வேண்டும். முழுதும் தோய்த்தால் அச்சை விட்டுக் கழலாது. சைவ உணவினர் வீட்டுக்குச் செல்லும் தட்டுக்கென முட்டை இல்லாமல் ஒரு ஈடு தனியே சுடுவோரும் உள்ளனர்.

கேரளத்தில் இதற்கு அச்சப்பம் என்று பெயர். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்யப்படும் கொக்கிஸ் ஏறத்தாழ இதே பலகாரம். கொக்கிஸ் என்னும் பெயர் டச்சு மொழியில் இருந்து வந்தது. ஆங்கிலத்தில் குக்கி என்னும் சொல்லுக்கும் அதே டச்சுச் சொல்லே மூலம்.

வழக்காறுகள்

எங்கும் எழுதப்படாவிட்டாலும் அனைவரும் அறிந்த சில நெறிகள் உள்ளன.

தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. தம் வீட்டுப் பலகாரம் இன்னும் ஆகவில்லை என்றால் ஒரு கை சர்க்கரையோ இரண்டு வாழைப்பழமோ வைத்துத் தருவர். இதனால் கணக்கு ஒருபோதும் முடிவதில்லை. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மௌசு 1925 இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வில், கொடுத்தல், பெறுதல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றையும் கடமைகளாக விளக்கினார். எவர்சில்வர் தட்டின் விளிம்பில் உரிமையாளர் பெயரை வெட்டி வைக்கும் வழக்கம் மூன்றாவது கடமையை எளிதாக்குகிறது. திருமணச் சீராக வந்த தட்டுகள் பத்து வீடு சுற்றினாலும் பெயரைக் கொண்டு ஊர் திரும்பிவிடும்.

ஓராண்டுக்குள் இறப்பு நேர்ந்த வீட்டில் பண்டிகை கொண்டாடுவதில்லை. எண்ணெய்ச் சட்டி வைப்பதும் இல்லை. அவ்வீட்டுக்கு மற்றவர்கள் பலகாரம் கொண்டுசெல்வர். மறுதட்டு எதிர்பார்க்கப்படாத ஒரே சமயம் இதுவே. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இந்தத் தட்டே அவர்களுக்குத் தீபாவளி.

பேச்சு நின்றுபோன இரு வீடுகளுக்கு இடையிலும் தட்டு ஒரு வழியாக அமைகிறது. பெரியவர்கள் வாய் திறக்கத் தயங்கும் நிலையில் பிள்ளை ஒன்று தட்டைக் கொண்டு போகும். தட்டு பெற்றுக்கொள்ளப்பட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. திருப்பி அனுப்பப்பட்டால் அது அடுத்த தீபாவளி வரை பேசப்படும்.

சாதியும் தட்டும்

இவ்வழக்கத்தை அனைவரையும் இணைக்கும் ஒன்றாக மட்டும் விவரிப்பது தவறாகும். தட்டு எந்தத் தெரு வரை போகும், எங்கே நிற்கும் என்பது நெடுங்காலம் சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தது. தம்மை உயர்ந்தவராகக் கருதியவர்கள் பிறருக்குக் கொடுத்தனர். அவர்களிடம் இருந்து சமைத்ததை வாங்கவில்லை. வாங்க நேர்ந்தால் தேங்காய், பழம் போன்ற சமைக்காத பொருட்களாக வாங்கினர். தலித் குடும்பங்களுக்குப் பலகாரம் தட்டில் சென்றதில்லை. வேலைக்கு வந்தவரிடம், பெரும்பாலும் பண்டிகை முடிந்த மறுநாள், பொட்டலமாகக் கொடுக்கப்பட்டது. திருப்பித் தர வேண்டிய பாத்திரம் இல்லாததால் மறுதட்டு என்ற பேச்சும் எழவில்லை. பரிமாற்றத்துக்கும் ஈகைக்கும் உள்ள வேறுபாடு இங்கு தெளிவாகத் தெரிகிறது. தென்னிந்திய வீடுகளில் உணவு எவ்வாறு மதிப்பையும் பூசலையும் உணர்த்தும் மொழியாகிறது என்பதை அர்ச்சுன் அப்பாதுரை 1981 இல் வெளியான கட்டுரை ஒன்றில் ஆராய்ந்துள்ளார்.

பள்ளி, கல்லூரி, அலுவலகம், தோட்டத்துக்குச் செல்லும் ஜீப் ஆகியன இந்த எல்லையை ஓரளவு தளர்த்தியுள்ளன. ஒரே வண்டியில் செல்லும் பெண்கள் மதிய உணவு வேளையில் தூக்குவாளிகளைத் திறந்து பலகாரத்தை மாற்றிக்கொள்ளும்போது, ஊரில் தட்டு தாண்டாத தெருவைத் தோட்டத்தில் தாண்டுகிறது. எனினும் அதே தட்டு மாலையில் வீடு தேடி வருகிறதா என்பதே உண்மையான அளவுகோல். 1989 இல் போடிநாயக்கனூர்ப் பகுதியில் சாதிக் கலவரம் நிகழ்ந்ததை நினைவிற்கொண்டால் இது சிறிய கேள்வி அன்று.

எல்லை அடைபட்ட ஆண்டுகள்

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது தமிழ்நாடு, கேரள எல்லைச் சாலைகளில் போக்குவரத்து தடைபட்டது; தோட்டங்களில் தங்கி வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் பலர் குடும்பத்துடன் தேனி மாவட்டத்துக்குத் திரும்பினர். 2020 இல் கொரோனாப் பரவலால் மீண்டும் எல்லைக் கட்டுப்பாடுகள் வந்தன. கூலி நின்றால் முதலில் குறைவது எண்ணெய்ச் செலவு. அத்தகைய ஆண்டில் தட்டில் வகைகள் குறையும்; ஆனால் வெறும் முறுக்கு மட்டுமாவது அனுப்புவதை விடுவதில்லை, ஏனெனில் தட்டு நின்றால் அதற்கு வேறு பொருள் கொள்ளப்படும்.

செலவைச் சமாளிக்கத் தீபாவளிச் சீட்டு பரவலாக உள்ளது. வாரந்தோறும் சிறு தொகை கட்டினால் பண்டிகைக்கு முன் எண்ணெய், மாவு, வெல்லம், இனிப்பு, பட்டாசு முதலியன கிடைக்கும். பதிவு செய்யப்படாத சீட்டுகளில் மோசடி நடந்து காவல்துறையில் வழக்குகளும் பதிவாகியுள்ளன.

நண்பர்களிடையே நடத்தும் முறை

நகரங்களில், குறிப்பாக அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் மென்பொருள் நிறுவனங்களிலும், இவ்வழக்கம் ஓரிடத்தில் கூடும் நிகழ்வாக மாறி வருகிறது. வட அமெரிக்காவில் கிறிஸ்துமசை ஒட்டி நடைபெறும் குக்கி பரிமாற்றம் இதற்கு நெருக்கமானது: ஒவ்வொருவரும் ஒரே வகையைப் பெருமளவில் செய்து, கூடிய இடத்தில் பங்கிட்டு, பல வகைகளுடன் வீடு திரும்புவர்; செய்முறையும் எழுதித் தருவதுண்டு. மலேசியா, சிங்கப்பூரில் தீபாவளியன்று நடைபெறும் திறந்த இல்ல உபசரிப்பு இதனின் வேறானது. அங்கு விருந்தினர் வந்து உண்பரே தவிர மாற்றிக்கொள்வதில்லை.

கூடி நடத்துவதன் பயன் எளிய கணக்கு. ஆறு வீடுகள் ஒன்றுக்கொன்று தட்டு அனுப்பினால் முப்பது தட்டுகள் நடக்க வேண்டும். ஓரிடத்தில் கூடினால் ஆறு பாத்திரங்கள் போதும். வீட்டுக்குப் பத்து என்று வைத்தால் ஒருவர் தமக்கும் சேர்த்து அறுபது சுட வேண்டும். அறுபது முறுக்கு ஓர் இரவு வேலை. அறுபது அதிரசம் அப்படியன்று. எனவே அதிரசத்தை ஏற்பவருக்கு எண்ணிக்கையைக் குறைப்பது முறை.

யார் எதைச் செய்வது என்று முன்பே பேசிக்கொள்ளாவிட்டால் ஆறு வீட்டிலும் முறுக்கே வரும். கடையில் வாங்கி வருவதை அனுமதிப்பதா என்பதும் முதலிலேயே முடிவு செய்யப்பட வேண்டியது. வேலைப்பளு உள்ளவர்களுக்கும் சமைக்கத் தெரியாத இளைஞர்களுக்கும் அனுமதிப்பதே நல்லது. அவர்கள் வராமல் போவதைவிட இனிப்புப் பெட்டியுடன் வருவது மேல். முட்டை, நெய், நிலக்கடலை, முந்திரி சேர்ந்தவற்றைத் தனிப் பாத்திரத்தில் வைத்துச் சொல்லிவிட வேண்டும். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு துண்டும் ஆபத்தாகலாம். சர்க்கரை நோயாளிகள் இல்லாத வீடு அரிது என்பதால் காரத்துக்கும் இனிப்புக்கும் சம இடம் தருவது வழக்கமாகி வருகிறது. பால், தேங்காய் சேர்ந்தவற்றை ஓரிரு நாளில் உண்ண வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதும், நாள்பட்டதைத் தட்டில் வைக்காமல் இருப்பதும் கொடுப்பவர் பொறுப்பு.

கூட்டம் முடிந்து போகும்போது அவரவர் பாத்திரத்தை அவரவர் எடுத்துச் செல்வதால், நகர வடிவத்தில் மறுதட்டு என்பது இல்லை. அன்று வர இயலாதவரின் பங்கை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதை மட்டும் அங்கேயே முடிவு செய்து கொள்வர். அந்தப் பங்கு பழைய முறைப்படி ஒரு தட்டில், மேலே துணி மூடி, ஒரு பிள்ளையின் கையில் செல்கிறது.