ஒரே நாளில் இரண்டு கிளாஸ்

திருப்பூர் வரலாறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் முதலாளிகளின் வரலாறு. 1920களில் குலாம் காதர் கல்கத்தாவிலிருந்து பின்னல் மெஷினைக் கொண்டுவந்தார். பிறகு கவுண்டர்கள் பண்ணையத்தை விட்டு பனியன் தொழிலுக்கு வந்து முதலாளிகள் ஆனார்கள். அப்புறம் ஏற்றுமதி, டாலர், கோடிகள். இரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டை இந்தக் கதையில் மொத்த வியாபாரச் சந்தையாக மட்டும் வருகிறது. அங்கே பண்டல் தூக்கியவனும் பீஸ் மடித்தவளும் பதினோரு மணிக்கு எங்கே டீ குடித்தார்கள், எந்தக் கிளாசில் குடித்தார்கள் என்பது அந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை. நமக்கு அதுதான் தேவை.

ஏனென்றால் கொங்கு நாட்டில் ஒருவன் சாதியை ஊர்முன்னால் அறிவிக்கிற இடமாக டீக்கடை இருந்தது. அருந்ததியருக்கும் பறையருக்கும் முதலில் கொட்டாங்குச்சி. பிறகு கூரைக் கம்பில் ஆணியடித்து மாட்டிய அலுமினிய டம்ளர். குடித்துவிட்டுத் தானே கழுவி அதே ஆணியில் மாட்ட வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது. காசைக் கையில் கொடுக்கக் கூடாது, கீழே வைக்க வேண்டும். டீ உயரத்திலிருந்து ஊற்றப்படும். காசு கொடுத்துக் குடிக்கிறவனே, "பண்ணாடி, ஒரு டீங்க" என்று கெஞ்ச வேண்டும்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. பொதுத்தெரு, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எல்லாம் தாழ்த்தப்பட்டோருக்கும் உண்டு என்று 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியவர் இரட்டைமலை சீனிவாசன். 1950 அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், ஓட்டல் என்று பெயர் சொல்லியே எழுதியது. 1955 தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், உணவகத்தில் பொதுமக்களுக்கு வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தத் தடுப்பதே குற்றம் என்றது. அதாவது ஆணியில் தொங்கிய டம்ளர் 1955லிருந்தே குற்றவாளி. ஆனாலும் அது அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொங்கியது.

திராவிட இயக்கத்துக்கும் ஓட்டல் ஒரு போர்க்களம்தான். இரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனர்களுக்கென்றிருந்த தனி இடம், பெரியார் முதலானோரின் எதிர்ப்புக்குப் பின் 1941-ல் ஒழிந்தது. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் தொடங்கிய மறியல், 'பிராமணாள்' என்ற எழுத்து 1958-ல் அழியும்வரை மாதக்கணக்கில் நடந்தது. அதன் மதிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். பலகையில் எழுதிய சாதியை அழிக்கலாம். பலகையே இல்லாத கடையில், ஆணியில் தொங்குகிற சாதியை எதை வைத்து அழிப்பது? கொங்கு கிராமங்களில் இரட்டைக் குவளை உடைப்பு என்று பெரியார் இயக்கத்தவரும் அருந்ததியர் அமைப்புகளும் இறங்கியது வெகுகாலம் கழித்துத்தான்.

இதற்கிடையில் காதர்பேட்டையில் ஒன்று நடந்தது. அதை யாரும் போராட்டம் என்று சொல்லவில்லை. பனியன் கம்பெனிகளில் பெரும்பாலானவை சின்னச் சின்னவை. 250 பேருக்கு மேல் வேலை செய்தால்தான் கேன்டீன் என்றது 1948 தொழிற்சாலைச் சட்டம். ஆக, தையல் பிரித்து, கட்டிங் பிரித்து, செக்கிங் பிரித்து நடந்த தொழிலுக்குச் சோறு போட்டது தெரு. டீக்கடை, பேக்கரி, மெஸ், புரோட்டாக்கடை, பிரியாணிக்கடை, தள்ளுவண்டி. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஓவர்லாக் டைலருக்கு டீ குடிக்கக் கிடைப்பது பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசத்தில் கடைக்காரன் இருநூறு கிளாஸ் ஊற்ற வேண்டும். "நீ எந்த ஊரு, யாரு ஊட்டுப் பையன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் வியாபாரம் ஆகாது. மதுரைக்காரன், தேனிக்காரன், பிறகு பீகார்க்காரன், ஒடிசாக்காரன். யாருடைய சாதியை எப்படிக் கண்டுபிடிப்பது? மனசு மாறவில்லை, கூட்டமும் காசும் கேள்வியை நிறுத்தின. பேட்டையின் முஸ்லிம் கடைகளில் அந்தக் கேள்வியே இல்லை என்று எங்கள் காலனிப் பெரியவர்கள் சொல்வார்கள்.

அவினாசிப் பக்கத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்துபோனவர் எங்கள் அய்யன். அவர் சொன்னது இது: "காலைல பேட்டைல கண்ணாடிக் கிளாஸ்ல குடிப்பன். பெஞ்சுல கால்மேல கால் போட்டு குடிப்பன். பொழுதோட ஊர்ல பஸ்ஸ விட்டு எறங்குனா, அதே வாயிக்கு அலுமினிய டம்ளரு. அதனால ஊர்ல டீ குடிக்கறதையே உட்டுட்டன்." 1984-ல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அவரும் கொடி பிடித்தார். பஞ்சப்படியைக் கம்பெனியில் கேட்டார்கள். டம்ளரை ஊரில் கேட்க எந்தச் சங்கமும் கூட வரவில்லை என்பது சாகும்வரை அவருக்குக் குறை.

ஆகவே நகரம் சாதியை ஒழித்துவிட்டது என்று யாரும் பாட வேண்டாம். காசு கொடுத்துக் குடிக்கிற பக்கம் திறந்தது. கரண்டி பிடிக்கிற பக்கம் திறந்ததா? கவுண்டர் மெஸ், ஐயர் மெஸ், செட்டிநாடு மெஸ் என்று சாதியை மணமாகவும் ருசியாகவும் விற்கலாம். அருந்ததியர் மெஸ் என்று ஒரு பலகையை மாட்டிப் பாருங்கள். எங்கள் காலனியில் ஒரு அக்கா பேட்டை ஓரத்தில் இட்லி வண்டி போட்டார். வியாபாரம் நன்றாகத்தான் போனது, எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பார்க்கும்வரை. "அது நம்மூரு மாதாரிச்சி" என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மாவு அதே மாவுதான்.

இது பழங்கதை என்பவர்களுக்கு: 2018-ல் இதே திருப்பூர் மாவட்டத்தில், அவினாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணைச் சமைக்க விடாமல் ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. நாம் தைத்த பனியனை உடம்பில் ஒட்டிப் போட்டுக்கொள்ளலாம். நாம் ஆக்கிய சோறு மட்டும் வாய்க்குள் போகாது.

ஊர்க்கடைகளில் ஆணி டம்ளர் மறைந்த பிறகு யூஸ் அண்ட் த்ரோ கப் வந்தது. அவர்களுக்கு எவர்சில்வரோ கண்ணாடியோ, நமக்குக் கப். கேட்டால் "சுத்தத்துக்குத்தானுங்க" என்பார்கள். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது சுற்றுச்சூழலுக்காக. சாதிக்காக யாரும் கப்பைத் தடை செய்யவில்லை.

அமெரிக்காவில் கிரீன்ஸ்போரோ நகரத்தில் 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் மட்டும் உட்காரும் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். பரிமாறவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. மறுநாளும் போனார்கள். ஜூலையில் அந்தக் கடை பணிந்தது. 1964-ல் சட்டம் வந்தது. அவர்களுக்கு உட்கார்ந்த பிறகு சட்டம். நமக்குச் சட்டம் 1955லேயே வந்துவிட்டது, உட்காருவதுதான் பாக்கி.

காதர்பேட்டையில் கால்மேல் கால் போட்டுக் குடித்த அந்த டீயை ஊர்க்கடைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அலுமினிய டம்ளரைக் கழுவி மாட்டிய கைகள் இன்னும் சில உயிரோடு இருக்கின்றன. மாணவத் தோழர்கள் நோட்டை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போங்கள். எந்த ஊர், எந்தக் கடை, எந்த வருசம் வரைக்கும் என்று கேட்டு எழுதுங்கள். திருப்பூர் வரலாற்றில் விடுபட்ட பக்கம் அங்கேதான் இருக்கிறது.